ஏலத்தில் கேட்பதா, உக்கடத்தில் கிளறுவதா?

பழைய நாணயம், பழைய புத்தகம் எங்கே வாங்குவது? போன மாதம் மட்டும் மூன்று பேர் இந்த ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவருக்கு விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாய் வேண்டும். ஆன்லைன் ஏலத்தில் எடுக்கலாமா என்கிறார். கோபியிலிருந்து ஒரு அக்கா, அவங்க அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டு வாசித்த பெரிய எழுத்து (பெரிய அச்செழுத்தில் வந்த மலிவுப் பதிப்பு) அண்ணமார் கதைப் புத்தகம், அதாவது நம் கொங்கு நாட்டுப் பொன்னர் சங்கர் கதை, எங்காவது கிடைக்குமா, என்ன விலையானாலும் பரவாயில்லை என்கிறார். (என்ன விலையானாலும் என்பதை மட்டும் விற்கிறவர் காதில் போட்டுவிடாதீர்கள் அக்கா.) மூன்றாமவர் கோவையில் ஆராய்ச்சி மாணவர். 1887இல் நிக்கல்சன் எழுதிய கோயம்புத்தூர் ஜில்லா மேனுவல் (ஜில்லா விவரமெல்லாம் தொகுத்த ஆங்கில நூல்) ஒரு வெளிநாட்டுத் தளத்தில் ஏலத்துக்கு வந்திருக்கிறது, ஸ்டைபண்டில் பாதி போகும், எடுக்கட்டுமா என்று இரவு 11 மணிக்கு மெசேஜ்.

மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் என்று தனித்தனியாக விளக்கி வாய் வலித்ததால் இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

நான் ஈரோட்டுக்காரன். ஏலம் என்றாலே எனக்கு மஞ்சள்தான் ஞாபகம் வரும். அப்பாவோடு சின்ன வயசில் போயிருக்கிறேன். வியாபாரி சாம்பிளில் கை விட்டு ஒரு விரலி மஞ்சளை எடுத்துப் பட்டென்று உடைப்பார், உள்ளே நிறம் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார், அப்புறம்தான் விலை எழுதுவார். உடைத்துப் பார்க்காமல் ஒரு மூட்டைக்குக்கூட யாரும் விலை போட மாட்டார்கள். ஆன்லைன் ஏலத்தில் அந்த உடைக்கிற வேலை நம் கையில் இல்லை. விற்கிறவர் எடுத்துப்போட்ட ஆறு போட்டோவும் அவர் எழுதிய நாலு வரியும்தான் சாம்பிள். அதை வைத்தே விலை போடும் அளவுக்கு நமக்குப் பொருள் தெரியுமா, தெரியாதா? எந்த வழி நமக்குச் சரி என்பதில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும்.

எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, பொருள் சொன்னபடி இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் பார்க்க முடியுமா. இரண்டாவது, கைக்கு வந்து சேரும்போது மொத்தம் என்ன ஆகும். கேட்ட விலை வேறு, கொடுக்கிற பணம் வேறு. மூன்றாவது, ஏமாந்தால் திருப்பிக் கொடுக்க வழி உண்டா. நான்காவது சட்டம், இதை யாரும் கேட்பதே இல்லை, அதனால் கீழே தனியாகச் சொல்கிறேன். ஐந்தாவது பொறுமை, அதாவது இந்த வாரமே வேண்டுமா, மூன்று வருடம் தேடினாலும் சரியா.

வெளிநாட்டு ஏலத் தளங்கள்

ஈபே மாதிரி இடங்கள். நம்மூர் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களுக்கு இதைவிடப் பெரிய கிடங்கு கிடையாது. இங்கே கலெக்டராகவும் இன்ஜினியராகவும் இருந்துவிட்டுப் போனவர்கள் பெட்டியில் கட்டிக்கொண்டு போனதெல்லாம் பேரப்பிள்ளைகள் வீடு காலி செய்யும்போது ஏலத்துக்கு வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக புகானன் 1800, 1801இல் கொங்கு வழியாகப் போய் எழுதி 1807இல் மூன்று தொகுதியாக வந்த பயண நூல், நீலகிரிப் படங்கள், பழைய போஸ்ட்கார்டு எல்லாம் இப்படித்தான் கண்ணில் படும்.

ஏலம் நடக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி நஷ்டம் குறையும். நீங்கள் உச்சமாக 3,000 வரை தரலாம் என்று எழுதினால் உடனே 3,000 ஆகிவிடாது. இரண்டாவது ஆள் எவ்வளவு கேட்கிறாரோ அதற்கு ஒரு படி மேலே மட்டும்தான் உங்கள் பெயரில் ஏறும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நடக்கும் மறைமுக ஏலம் மாதிரி உங்கள் உச்ச விலை மற்றவர்களுக்குத் தெரியாது, ஆனால் அங்கே எழுதினதையே கொடுக்க வேண்டும், இங்கே தேவைப்பட்ட அளவுதான். அதனால் மணிக்கொரு தரம் போய் நூறு நூறாக ஏற்றுவது வீண் வேலை மட்டுமல்ல, எதிராளிக்கும் வெறியேற்றும். என் வழக்கம், மாட்டுவண்டி மாதிரி நிதானமாக உச்ச விலையைப் பேப்பரில் எழுதி வைத்துவிட்டு, கடைசி அரை நிமிடத்தில் ஒரே ஒரு தடவை போடுவது. போனால் போகட்டும்.

மறைந்த செலவுகள்தான் இங்கே ஆளைச் சாய்க்கும். ஒரு தடவை 30 பவுண்டுக்கு ஒரு கனத்த புத்தகத்தை எடுத்து, தபாலுக்கு மட்டும் 35 பவுண்டு கட்டியிருக்கிறேன். கார்டில் வெளிநாட்டுப் பணம் மாற்றுவதற்கு வங்கி பிடிப்பது தனி. 2019 பட்ஜெட்டிலிருந்து இறக்குமதியாகும் அச்சுப் புத்தகத்துக்கு 5 சதவீதம் சுங்கவரி உண்டு. கூரியர்காரர் அதைக் கட்டிக்கொடுத்ததற்குத் தன் கூலியையும் சேர்த்துக் கேட்பார். ஏமாந்தால் பணம் திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது, ஆனால் புத்தகத்தைத் திருப்பி அனுப்பும் செலவு புத்தகத்தின் விலையைத் தாண்டிவிடும் என்பதால் பலர் அப்படியே விட்டுவிடுகிறோம்.

நான் ஏமாந்த கதை ஒன்று. ஒரு பழைய ஆங்கில நூல், முழுமையானது என்று எழுதியிருந்தார், எட்டுப் படம் போட்டிருந்தார், தோல் பைண்டிங் பளபளவென்று. வந்ததும் திறந்தால் கடைசி அட்டைக்கு உள்ளே, மடித்து ஒட்டியிருந்த வரைபடம் இருந்த இடத்தில் அரை அங்குலக் காகித ஓரம் மட்டும் நிற்கிறது. பிளேடு போட்டு வெட்டியது நேர்கோடாகத் தெரிந்தது. எட்டுப் படத்தில் அந்தப் பக்கம் இல்லை என்பதை நான்தான் கவனித்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் கேட்கும் முதல் படமே இல்லாத படம்தான்: தலைப்புப் பக்கம், பதிப்புப் பக்கம், வரைபடம், கடைசிப் பக்கம். அனுப்ப மறுத்தால் விலை போடுவதில்லை.

இந்திய ஏல நிறுவனங்கள்

மும்பை, பெங்களூரு, அகமதாபாத்தில் இருந்து நடத்துகிறார்கள். பெரும்பாலும் நாணயம், ரூபாய் நோட்டு, தபால்தலை, மெடல், புத்தகம் குறைவு. கேட்டலாக் போடுவார்கள், ஒவ்வொரு பொருளுக்கும் எடை, விட்டம், நிலை எழுதியிருக்கும், நேரில் போனால் முன்கூட்டியே பார்க்கவும் விடுவார்கள். போலி வந்தால் பெயர் கெடும் என்ற பயம் அவர்களுக்கு இருப்பதால் நாணயத்துக்கு இதுதான் நம்பகமான வழி என்பது என் கருத்து.

ஆனால் ஏலத்தில் விழுந்த விலையோடு கணக்கு முடியாது. வாங்குபவர் கமிஷன் என்று ஒன்று இருக்கிறது, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உதாரணத்துக்கு 15 சதவீதம் என்று வையுங்கள். 10,000க்கு எடுத்தால் கமிஷன் 1,500, அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 270, இன்சூரன்ஸோடு கூரியர் ஒரு 350. ஆக 12,120. பொருளுக்கே வரி உண்டா என்பதையும் விதிமுறைப் பக்கத்தில் பாருங்கள். அதனால் 10,000தான் என் பட்ஜெட் என்றால் 8,200 வாக்கில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் உட்காருகிறவர்கள்தான் அடுத்த நாள் பில்லைப் பார்த்து முழிக்கிறார்கள்.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழு ஏலம்

ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணிக்கு ஆரம்பிக்கும், போட்டோ விழும், கீழே 200, 250, 300 என்று ஏறும், அட்மின் மூன்று தரம் சொல்லி முடிப்பார், ஜிபே பண்ணினால் செவ்வாய்க்கிழமை ஸ்பீட் போஸ்டில் பார்சல். கமிஷன் இல்லை, தபால் நூறுக்குள், ஜனங்கள் நல்ல ஜனங்கள். தமிழ் நூல்களுக்கு, குறிப்பாகப் பெரிய எழுத்துக் கதைகள், குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள் (தெருவில் மலிவாக விற்ற பாட்டுப் புத்தகங்கள்), பழைய பஞ்சாங்கம், நாடக நோட்டீஸ், 1925இல் ஈரோட்டில் தொடங்கிய குடி அரசு இதழின் உதிரிகள் மாதிரி விஷயங்களுக்கு, இங்கே கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது.

ஆபத்து என்னவென்றால் உத்தரவாதம் என்பது அட்மினின் முகம் மட்டும்தான். விலையை ஏற்றிவிட ஆள் வைப்பதும் நடக்கும். அதே இரண்டு பேர் எப்போதும் கேட்டு, எப்போதும் தோற்கிறார்களா என்று ஒரு மாதம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

இங்கேதான் காலத்தைப் பற்றி அதிகம் பொய் நடக்கும், பாதி பொய், பாதி அறியாமை. ஒரு குழுவில் கும்மிப் பாட்டுப் புத்தகம் ஒன்று வந்தது. தலைப்புப் பக்கத்தில் பிரபவ வருடம் என்று இருந்தது. பிரபவ 1867இலும் வரும், 1927இலும் வரும், 1987இலும் வரும், அறுபது வருடச் சுற்று. விற்றவர் தாராள மனசோடு 1867 என்று போட்டுவிட்டார். விலை 4,000 தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் பின்னட்டையைப் படம் எடுத்துப் போடச் சொன்னேன். போட்டார், பாவம். கிராமபோன் பிளேட் விளம்பரம்! எடிசன் ஒலிப்பதிவுக் கருவியையே 1877இல்தான் கண்டுபிடித்தார். குழு பத்து நிமிடம் சத்தமில்லாமல் இருந்தது, அப்புறம் யாரோ ஒரு சிரிப்பு பொம்மையைப் போட்டார். பிறகு அது 600க்குப் போனது. 1927க்கு அது நியாயமான விலைதான் என்று நினைக்கிறேன்.

இந்த மாதிரித் துப்புகள் இன்னும் இருக்கின்றன, வெளியே எங்கும் விலை கொடுத்துக் கற்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன்பு. நயா பைசா என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். பதிப்பக முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972க்குப் பிறகு. சென்னை மாநிலம் என்று போடாமல் தமிழ்நாடு அரசு என்று இருந்தால் 1969ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. எழுத்தைப் பாருங்கள்: ணை, லை, றா இவை பழைய கொம்பு வைத்த, சுழித்த வடிவத்தில் இல்லாமல் இன்று நாம் எழுதுவது போலவே இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய அச்சு, முன்னட்டையில் பழைய வருடம் போட்டிருந்தால் மறுபதிப்பா என்று சந்தேகப்படுங்கள்.

நேரில் வாங்குவது

கோவை உக்கடம் பழைய புத்தகக் கடை, ஊருக்கு ஊர் இருக்கும் பழைய பேப்பர் கடை, அவ்வப்போது கல்யாண மண்டபத்தில் நடக்கும் நாணயக் கண்காட்சி, அப்புறம் வீடு இடிக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் அட்டாலியில் (பரணில்) ஏறிப் பார்ப்பது. (ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு நானும் வருடம் தவறாமல் போகிறேன், ஆனால் அது புதுப் புத்தகத்துக்கு.)

இதன் பெருமை ஒன்றே ஒன்று, விரலியை உடைக்கலாம். பக்கத்தின் மூலையை லேசாக மடித்தால் ஒடிகிறதா என்று பார்க்கலாம், ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை எழுத்துக்குள் போகிறதா ஓரத்தோடு நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம், ஃபாரம் (சேர்த்து மடித்துத் தைத்த பக்கக் கட்டு) குறைகிறதா என்று அடியில் உள்ள எண்ணை எண்ணலாம். நூலக முத்திரை இருந்தால் அதன் மேல் நீக்கப்பட்டது என்ற முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது யாரோ எடுத்துவந்த புத்தகம், வைத்துவிடுங்கள்.

விலை? பேப்பர் கடையில் கிலோக் கணக்கு என்ற காலம் மலையேறிக்கொண்டிருக்கிறது. போன வருடம் ஒரு கடையில், "ஏனுங்ண்ணா, இது எவ்ளோங்க?" என்று ஒரு கிழிந்த பஞ்சாங்கத்தைக் காட்டினேன். கடைக்காரர் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டி, டிராக்டர் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டுக்கே லட்சக்கணக்கில் தர்றாங்களாம், இது அதைவிடப் பழசுங்களே என்றார். அந்த வீடியோக்கள் அத்தனையும் மோசடி. தன் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, நாணயம் வாங்குவதாகக் கமிஷன் கேட்கிறார்கள், நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. பஞ்சாங்கம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மறைந்த செலவு இங்கே பணமில்லை, நேரம். பத்து ஞாயிறு போனால் ஒரு ஞாயிறு கிடைக்கும். தூசியில் இருமல் வரும், வீட்டில் திட்டு விழும், கறையான் பிடித்த கட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தால் நல்ல புத்தகங்களும் போகும். பெயர் சொல்லி ஒரு புத்தகத்தைத் தேடுகிறவருக்கு இந்த வழி உதவாது. என்ன கிடைக்கிறதோ அதை ரசிக்கிறவருக்குத்தான்.

வாங்காமலே படிப்பது

இதையும் ஒரு வழியாகவே கணக்கில் சேருங்கள். நிக்கல்சன் மேனுவல், புகானன் இரண்டும் ஆர்கைவ் (archive.org) தளத்தில் இலவசமாக ஸ்கேனாக இருக்கின்றன. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னையில் ரோஜா முத்தையா நூலகம். உள்ளே இருக்கும் விஷயம்தான் வேண்டும் என்றால் ஏலத்தின் பக்கமே போக வேண்டியதில்லை. ஆராய்ச்சி மாணவருக்கு இதைத்தான் சொன்னேன், ஸ்டைபண்டு தப்பித்தது.

ஒரு பார்வையில்

| | வெளிநாட்டுத் தளம் | இந்திய நிறுவனம் | குழு ஏலம் | நேரில் |
|---|---|---|---|---|
| முன்பே பார்க்க முடியுமா | படம் மட்டும் | படம், நேரிலும் | படம் மட்டும் | தொட்டே பார்க்கலாம் |
| கேட்ட விலைக்கு மேல் | தபால், சுங்கம், கார்டு | கமிஷன், ஜிஎஸ்டி, கூரியர் | தபால் | பஸ் காசு, நாள் |
| ஏமாந்தால் | வழி உண்டு, செலவும் உண்டு | விதிமுறைப்படி | அட்மின் மனசு | வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும் |
| எதற்கு நல்லது | ஆங்கில நூல், படம் | நாணயம், நோட்டு | தமிழ்ச் சிறு நூல், இதழ் | பழகுவதற்கு, எதிர்பாராததற்கு |

வெள்ளி ரூபாய் கேட்ட தம்பிக்கு

இந்திய நிறுவனம் அல்லது கண்காட்சி. முதல் நாணயத்தைக் கண்காட்சியிலேயே வாங்குங்கள், கையில் வைத்துப் பழகுங்கள், இரண்டாவதற்கு ஏலம் போங்கள். நகைக்கடைத் தராசில் 11.66 கிராம் நிற்க வேண்டும். தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும், அதிகமாகக் கூடாது. விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், ஏனென்றால் நம் பக்கம் இந்த ரூபாய்களில் கொக்கி பற்றவைத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள், பிறகு கொக்கியை எடுத்து ராவி விட்டிருப்பார்கள். போட்டோவில் முகமும் முதுகும் மட்டும் தெரியும், விளிம்பு தெரியாது. பளபளவென்று இருந்தால் பெரும்பாலும் புளி போட்டு விளக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம், விலை குறையும். 1862 என்ற ஆண்டைப் பார்த்து அபூர்வம் என்று மயங்காதீர்கள், அந்த ஆண்டையே மாற்றாமல் 1874 வரை அடித்தார்கள். நிஜமாகவே அபூர்வமானது 1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாய், அதனாலேயே போலியும் ஏராளம். ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு என்று யாராவது காட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள், கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. காந்தம் மாதிரி அரிசியை இழுக்கும் அதிசயக் காசு என்று சொன்னால் அது மோசடி, சிரிக்கவும் வேண்டாம், இடத்தைக் காலி செய்யுங்கள்.

சட்டம்

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டிய நாணயம், சிற்பம், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 வருடம் போதும். வீட்டில் வைத்துக்கொள்வது பொதுவாகக் குற்றமில்லை, ஆனால் சிற்பம், ஓவியம், படம் வரைந்த சுவடி போன்ற சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும், வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதாவது வெளியிலிருந்து வாங்கலாம், நல்ல விலை வருகிறது என்று வெளியே விற்க நினைக்காதீர்கள்.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். கரூர், வெள்ளலூர், பொள்ளாச்சி என்று ரோமானியக் காசு கிடைத்த ஊர்கள் நம்முடையவை, நொய்யல் கரையில் அகழாய்வு நடந்த பழங்கால ஊரான கொடுமணல் இருக்கிறது. குழுக்களில் அமராவதி ஆற்றுக் காசு, கொடுமணல் மணி என்று படம் வரும். அது போலியாக இருந்தால் உங்கள் பணம் போகும், உண்மையாக இருந்தால் இன்னும் மோசம். மண்ணுக்குள் கிடைத்த புதையல் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. அந்தப் 10 ரூபாய் இன்னும் 10 ரூபாய்தான். ஓலைச்சுவடி, கோயில் சாமான் பக்கம் நான் போவதே இல்லை.

கோபி அக்காவுக்கு

குழு ஏலம்தான். ஆனால் அவசரப்படாமல் நாலு மாதம். அண்ணமார் கதை பல தடவை அச்சாகியிருக்கிறது, அப்பாரு வாசித்தது எந்த அச்சு என்பதுதான் கேள்வி. அட்டையில் என்ன படம் இருந்தது என்று கேட்டேன். "குதிரை இருந்துச்சுங்க, ரெண்டு பேரு. ஒரு ஓரத்துல அப்பாரு வெத்தலச் சாறு பட்டிருக்கும்" என்றார். குதிரை போட்ட அட்டை இரண்டைப் போன வாரம் அனுப்பினேன். அது இல்லையாம்.